சாதி என்றொரு கட்டம்

கருத்தரங்கு ஒன்றுக்காக மொரிசியஸ் போயிருந்தேன். எரிமலைக் குழம்பில் உருவான தீவு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தைப் பார்த்த விடுதி அறை. வரவேற்பில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். குன்னூரில் வாடகைக்கு வீடு தேடியபோது, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைத் தாண்ட முடியாமல் நாலு வீட்டு வாசலில் திரும்பியவள் நான்.

மறுநாள் பக்கத்திலிருந்த ஆப்ரவாசி காட் நினைவிடத்துக்குப் போனேன். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை 1849 முதல் இறக்கிய இடம். எரிமலைக் கல்லில் கட்டிய படிகள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கோத்தகிரி லயத்துக்கு வந்த என் பாட்டியின் ஞாபகம் வந்தது.

இங்கே இறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு எண். பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர், கூடவே சாதி. கரும்பு வெட்ட வந்தவருக்கு அந்தக் கட்டம் எதற்கு? கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். அது கப்பலேறி, மையில் பதிந்து, கூடவே வந்திருக்கிறது.

நீலகிரியில் தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்கள். வீடு கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள். உரிமை கேட்டால் அதை எழுதித்தர மறுக்கிறார்கள். தோழர்களே, நம் சண்டை இந்த இரண்டோடும்தான்.