புகையும் பட்டாணியும்

மாலைநேரப் படிப்பு வகுப்பில் மாணவர்கள் படிக்கும் முறையைக் கவனிப்பது என் வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி போட்டித் தேர்வுக்கான தருக்க அறிவு நூலையும், தாவரவியல் நூலின் மரபியல் பாடத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தாள். நெட்டைப் பட்டாணிச் செடியொன்றில் குட்டைக்குரிய காரணி மறைந்துள்ளதா என எவ்வாறு அறிவாய் என்ற அரையாண்டுத் தேர்வு வினாவுக்கு, 3:1 என்று மட்டும் எழுதி மதிப்பெண் இழந்திருந்தாள். வேளாண்மை படிக்கும் எண்ணத்தையே கைவிடப் போவதாகவும் கூறினாள்.

"தருக்கத்திற்குச் சிந்தனை வேண்டும், மரபியலுக்கு மனப்பாடம் போதும் என்று நினைத்தேன், ஐயா" என்றாள்.

தமிழாசிரியனாகிய எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தது. அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளைக் கற்பிக்கும் பகுதி அதில் உண்டு. கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். மலையில் புகையைக் கண்டு, அங்கே நெருப்புண்டு எனத் துணிவது கருதலளவை. "உன் பட்டாணிச் செடியில் நெருப்பு எது? புகை எது?" என்று கேட்டேன்.

சற்று எண்ணிப் பார்த்தவள், "மறைந்திருக்கும் குட்டைக் காரணிதான் நெருப்பு. அந்த நெட்டைச் செடியைக் குட்டைச் செடியோடு கலப்புச் செய்து, வரும் வழித்தோன்றல்களில் ஒரு குட்டைச் செடியைக் கண்டாலும் அதுவே புகை" என்றாள். சோதனைக் கலப்பின் உட்பொருள் அதுவே.

"எல்லாம் நெட்டையாகவே வந்தால்?"

"காரணி இல்லை என்று பொருள்."

"பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகை இல்லையே!"

அவள் கணக்கிடத் தொடங்கினாள். காரணி மறைந்திருந்தால், ஒவ்வொரு வழித்தோன்றலும் நெட்டையாவதற்கு வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டு செடிகளும் நெட்டையாவதற்கு நான்கில் ஒன்று. பத்தும் நெட்டையாவதற்கு 1024இல் ஒன்று. "இரண்டு செடிகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது, எண்ணிக்கை கூடக்கூட ஐயம் குறையும்" என்று தானே கூறினாள்.

மெண்டல் ஆயிரக்கணக்கில் விதைகளை எண்ணியதன் காரணமும் அவளுக்கு விளங்கியது. இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணிய 7324 விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. அவர் கண்டது 2.96:1, கருதி அறிந்தது 3:1. நாம் மனப்பாடம் செய்யும் விகிதம் ஒருவர் பொறுமையுடன் எண்ணி, சிந்தித்துப் பெற்ற முடிவு.

அந்த மெண்டலும் 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை. ஆறாண்டுகள் கழித்துப் பட்டாணி ஆய்வைத் தொடங்கி, 1863 வரை தொடர்ந்தார். இதைக் கேட்டதும் அவள் சிரித்தாள்.

அன்று முதல் ஒவ்வொரு மரபியல் வினாவுக்கும் விடை எழுதுமுன் மூன்று வரிகள் எழுதினாள்: கண்டது எது? காணாதது எது? ஒன்றிலிருந்து மற்றொன்றை அறியும் காரணம் எது? எப்பாடத்தைப் படிப்பவரும் இம்மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். வினா உருமாறி வந்தாலும் விடைக்கு வழி கிடைக்கும்.