கல் உள்ள களமும் கல் இல்லாத களமும்

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருவோர் ஏரிக்கரையோடு திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் வந்தவாசி, புள்ளலூர், மணிமங்கலம் எனப் பெயர்பெற்ற போர்க்களங்கள் மூன்று அடங்கிவிடும் என்பதைக் கருதுவோர் அரியர். மதகையும் கலங்கலையும் (ஏரி நிரம்பினால் மிகைநீர் வழியும் அமைப்பு) அளந்தே காலம் கழித்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், அளக்கும் பழக்கம் விடாமல், போர்க்களச் சின்னங்களை வரைபடத்தில் குறிக்கத் தொடங்குவாராயின், இதைவிட ஏற்ற சீமை அவருக்குக் கிடைக்காது. தொல்லையும் இங்கேதான் தொடங்கும்: களமும் கல்லும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி கர்னல் வில்லியம் பெய்லியின் படையை முற்றாக முறியடித்தனர். ஆனால் அவ்வூரில் நிற்கும் இரண்டு ஊசித்தூண்கள், அதாவது நான்கு பட்டையாக எழுந்து உச்சியில் கூர்ந்து முடியும் தூண்கள், அந்தப் போருக்கு உரியவை அல்ல. 1781 ஆகஸ்டு 27 அன்று அதே பகுதியில் நடந்த, வெற்றி யாருக்கென்று தெளிவாகாத சண்டையில் மாண்ட கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப், லெப்டினென்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் ஆகிய இருவருக்கு உரியவை. 1780இல் திப்பு பெற்ற வெற்றியோ ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக இருக்கிறது. மணிமங்கலத்தில் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியை வென்ற செய்தியைக் கூறுவது களத்துக் கல் அன்று, கூரம் செப்பேடு.

இவற்றோடு ஒப்பிட்டால், திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூர் நடுகல் எவ்வளவு நேர்மையானது என்பது விளங்கும். நடுகல் என்பது சண்டையில் இறந்த வீரனுக்கு ஊரார் நடும் நினைவுக்கல். தொல்காப்பியம் அதற்கான கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுக்கிறது. எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறித்துவிட்டு, எருமைகளுக்கான பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனைச் சொல்லி, அத்தோடு நிற்காமல், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனது நாயையும் பெயரிட்டுச் சொல்கிறது. வீரனுடன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசன் பெயர் ஆண்டைக் கணக்கிட மட்டுமே பயன்படுகிறது. கல்லின் பெருமையோ வீரனுக்கும் நாய்க்குமே. பெய்லியின் படையில் மாண்ட எண்ணற்ற சிப்பாய்களுள் எவருக்கும் புள்ளலூர்த் தூண்களில் இந்த மரியாதை இல்லை.

ஆகவே இத்தகைய வரைபடம் வரைவோர், சண்டை நடந்த இடத்துக்கு ஒரு குறியும் கல் நிற்கும் இடத்துக்கு வேறொரு குறியும் இடுவது நலம். கல் யாருக்காக, யாரால், எந்த ஆண்டில் நடப்பட்டது என்பதற்குக் குறிப்புப் பட்டியலில் மூன்று கட்டங்களை ஒதுக்கி, நிரப்ப இயலாதவற்றை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டுவிட வேண்டும்.