கிக்கர் தேய்ந்த வண்டி

அப்பாவின் புல்லட்டைப் பிரித்துப் போட்ட நான்காவது நாள், மெக்கானிக் பாய் என்னைத் தஞ்சாவூர் கீழவாசலில் இருக்கும் தன் பட்டறைக்கு வரச் சொன்னார். பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். கியர்பாக்ஸ் மூடிக்குள்ளிருந்து எடுத்த பல்சக்கரம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

“தம்பி, போரு அவ்வளவா தேயல. கிராங்கு நல்லாருக்கு. அதிகம் ஓடாத வண்டிதான். ஆனா கிக்கர் பல்லப் பாருங்க, மொட்டையாக் கெடக்கு. அப்பா என்ன, தபால் பட்டுவாடா பண்ணுனாங்களா? வீட்டுக்கு வீடு நிறுத்தி நிறுத்தி எடுத்தாத்தான் இப்பிடித் தேயும்.”

அப்பா தபால்காரர் இல்லை. ஆரம்பப்பள்ளி ஆசிரியர். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீட்டர். வழியில் ஒரு சிக்னல்கூடக் கிடையாது. “தெரியல பாய்” என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரின் அமைப்பைச் சொன்னால்தான் இது விளங்கும். மன்னார்குடிக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே மேடாக்கிய ஒரு திட்டில் எங்கள் சேரி. அங்கிருந்து தார்ச்சாலைக்கு வர இரண்டே வழி. ஒன்று வாய்க்கால் கரை. ஐப்பசி கார்த்திகையில் அந்தக் களிமண் காலை உள்ளே இழுக்கும்; கோடையில் வெடித்துக் கிடக்கும். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள புல்லட்டை அதில் கொண்டுபோக முடியாது. இன்னொன்று ஊர்த்தெரு. பிள்ளையார் கோயிலில் தொடங்கிக் குளத்தங்கரையில் முடியும்.

அப்பா கோயிலுக்கு முன்பே வண்டியை அணைத்துவிடுவார். இறங்கி, ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடப்பார். குளத்தங்கரை அரசமரத்தடியில் வந்துதான் மறுபடி ஏறுவார், மறுபடி உதைப்பார். அம்மாவும் வந்தால் இறங்கிப் பின்னால் நடந்து வரும். நான் மட்டும் பெட்ரோல் டாங்கின் மேலேயே உட்கார்ந்திருப்பேன். சிறுபிள்ளை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. வண்டி சத்தமில்லாமல் போவதை அது ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

1990-இல் சேமநல நிதியில் முன்பணம் போட்டு அப்பா அந்த வண்டியை வாங்கினார். எங்கள் சேரிக்கு வந்த முதல் மோட்டார் வண்டி. ஏன் புல்லட்? கைக்கடக்கமான வண்டிகள் எத்தனையோ இருந்தன. 1955-இலிருந்து சென்னையில் செய்யப்பட்டு வந்த வண்டி அது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. எங்கள் பக்கத்தில் அதை ஓட்டியவர்கள் இன்ஸ்பெக்டர்களும் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளும்தான். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பார்களாம். அந்தச் சத்தத்தைத்தான் அப்பா கடனுக்கு வாங்கி வந்திருக்கிறார். வாங்கியவர் அதை ஊர்த்தெருவில் அணைத்துவிட்டார்.

வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு எனக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. எம்.ஏ. படிக்கும்போது ஒரு கூட்டத்தில், “நம் அப்பன்மார்கள் குனிந்த குனிவுதான் நம் முதுகில் கூனாக இருக்கிறது” என்று பேசிக் கைதட்டு வாங்கினேன். அப்பா அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினார். கோயில் வந்ததும் அணைத்தார். நான் இறங்கவில்லை. என்னையும் சேர்த்து வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வாய் திறக்கவில்லை. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2011-இல் அப்பா இறந்தார். வண்டி மாட்டுக் கொட்டகையில் நின்றது. 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகைக் கூரையை அதன் மேல் சாய்த்தது. கீற்றை அப்புறப்படுத்தினோமே தவிர, வண்டியை யாரும் தொடவில்லை. எலி ஒயர்களைத் தின்றது. சீட்டுக்குள் கோழி அடைகாத்தது. பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்கும்போதெல்லாம் அம்மா “இருக்கட்டும்” என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடும்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். எங்கள் முன்னால் நீ எப்படி புல்லட் ஓட்டலாம் என்று கேட்டு வெட்டினார்கள் என்று அந்தக் குடும்பம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கண்டன அறிக்கை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. விடிந்ததும் ஒரு குட்டி யானையைப் பிடித்து வண்டியை ஏற்றினேன்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பாய் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டார். பிறகு பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து விடுவித்தார். “அவசரப்பட்டு உதைச்சா ரிங்கு போயிடும் தம்பி. இரும்புக்கும் கேட்டுத்தான் செய்யணும்.” டாங்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. ஒயரிங் முழுக்கப் புதிது. ஸ்போக்குகளையும் மாற்றினோம். கிக்கர் பல் மட்டும் உள்ளூரில் கிடைக்காமல் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது. பெயர் மாற்றத்துக்குத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், பிறகு ஆர்.சி. புதுப்பிப்பு என்று அலைந்தேன். மொத்தம் 38,000 ரூபாய். பெயிண்டை மட்டும் தொட வேண்டாம் என்றேன். டாங்கின் மேல் நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது.

அந்த நாட்களில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 220 பள்ளி நாள் என்று வையுங்கள். 1990 முதல் ஓய்வு பெற்ற 2007 வரை 17 ஆண்டு. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று தெருவுக்காக மட்டும் கூடுதலாக உதைத்த உதை 7480. தீண்டாமைக்குச் சாட்சி கொண்டுவா என்கிறார்கள். இதோ, மொட்டைப் பல்.

சாட்சி என்றதும் வெண்மணி நினைவுக்கு வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்டவர்களின் குடிசையில் 44 பேரை எரித்தார்கள். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. இவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள். முதல் எதிரியிடம் கார் இருந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஏவலாள் இல்லாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பது நம்பத் தகுந்ததாக இல்லை. கார் வைத்திருந்தவர் நடந்து வந்திருக்க மாட்டார் என்று நீதிமன்றம் நம்பிய அதே மண்ணில், புல்லட் வைத்திருந்த என் அப்பா பதினேழு வருசம் நடந்து போனார். வண்டி என்பது வெறும் வண்டி இல்லை. அது ஒருவனுக்கு மரியாதைக்கு அத்தாட்சி. இன்னொருவனுக்கு அதுவே குற்றம்.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பதும், செருப்புப் போடவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். 2016 சனவரி 26 முதல் நடைமுறை. அப்பா செத்து ஐந்து வருசம் கழித்து வந்த சட்டம்.

ஆனால் நான் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. 2000-க்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் யாரையும் இறங்கச் சொன்னதில்லை. எங்கள் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சம்பாதித்து வாங்கிய வண்டிகளில் ஏறியே போனார்கள். அப்பா மட்டும் அணைத்தார். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“எறங்கச் சொன்னவன் செத்துப் போயிட்டான். எறங்குனது ஒங்கப்பா காலுல ஏறிப் போயிருச்சு. நான் என்னாத்தச் சொல்ல?”

“ஒரு நாளாவது எதுத்துப் பண்ணியிருக்கலாம்ல?”

“எதுத்துட்டு? மாசம் பொறந்தா சம்பளம் வரணும். ஒங்க மூணு பேரையும் படிக்க வைக்கணும். பள்ளிக்கூடத்துல அந்தத் தெரு புள்ளைவளுக்கும் அவருதான் வாத்தியாரு. ஒரு கைகலப்பு வந்தா வேல என்னாவும்? நீ மேடையேறிப் பேசுற. பேசறதுக்குத் தொண்டையக் குடுத்தது யாரு?”

இதை எதிர்ப்பின் இன்னொரு வடிவம் என்று நான் எழுதினால் அது பொய். அப்பா எதிர்க்கவில்லை. பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கில் மீதம் வந்தவன் நான். கூன் என்று நான் மேடையில் சொன்னது அவர் முதுகை. அந்த முதுகின் மேல் ஏறி நின்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஆடி மாதம் வண்டி தயாரானது. தஞ்சாவூரிலிருந்து நானே ஓட்டி வந்தேன். மறுநாள் காலை அம்மா வெற்றிலை வைத்துக் கும்பிட்டுவிட்டு, நான் கூப்பிடாமலே பின்னால் ஏறி உட்கார்ந்தது. “மன்னார்குடிக்குப் போவணும், வா.”

கோயிலைத் தாண்டினோம். நான் அணைக்கவில்லை. தெருவின் நடுவே வண்டி தானாகவே திணறி நின்றது. கார்ப்பரேட்டரில் இன்னும் குப்பை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

“யாரு, வாத்தியார் மவனா? அவரு வண்டியா இது? வாத்தியார் ரொம்ப மரியாத தெரிஞ்ச மனுசர்ப்பா.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. முன்னால் அரசமரம் தெரிந்தது. தள்ளிக்கொண்டு போனால் ஐம்பது அடிதான். கால் தானாகவே இறங்கப் பார்த்தது. அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தது. அது இறங்கவில்லை.

“ஆமாங்க” என்றது அம்மா. “அவரு போயிப் பதினாலு வருசம் ஆச்சு. நீ ஒதைடா.”

அங்கேயே நின்று உதைத்தேன். ஆறாவது உதையில் பிடித்தது.

பழைய கிக்கர் பல் என் மேசை மேல் இருக்கிறது. கூட்டங்களுக்குப் போகும்போது பையில் எடுத்துப் போகிறேன். இன்னும் ஒரு இடத்திலும் அதை எடுத்துக் காட்டவில்லை.