எங்கள் வீட்டு விஞ்ஞானி

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. 'இளைஞனே எழுந்து வா' என்று எழுதுவதற்கு நம் காலேஜில் ஏற்கெனவே பத்துப் பேர் இருக்கிறார்கள். (அவர்களே முதல் பீரியடுக்கு எழுந்து வருவதில்லை என்பது வேறு விஷயம்!) அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதுகிறேன்.

விஞ்ஞானியின் வயது 11 மாதம். பல் 4. உறவு, என் அக்கா மகள். வீட்டில் எல்லோருக்கும் 'பாப்பா'.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். இப்போது நாலு வீடு தாண்டினால் ஒரு வீட்டில் கேட்கிறது. அப்படிக் கேட்கிற வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. கூடத்தில் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில்தான் நாங்கள் சாப்பிடுவது, படுப்பது, நான் டிராயிங் ஷீட் விரிப்பது எல்லாம்.

அப்பா நெய்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை போடுகிறாள். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா, ஆக மொத்தம் மூன்று. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றோடொன்று பிணைந்து வர வேண்டும். இதை ஒரு ஆள் தனியாகச் செய்வது கஷ்டம். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொரு ஆள் அம்மா. அந்த இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்கா பிரசவத்துக்கு வந்தாள். பாப்பா பிறந்தது. தறி நின்றால் சாப்பாடு நின்றுவிடும் என்கிற வீட்டில் தறி அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. பாப்பா குப்புற விழுந்தாள் என்று ஒரு தடவை. பல் முளைத்தது என்று ஒரு தடவை. அப்பா தறிக்குழியிலிருந்து காலை எடுத்து மேலே வந்து, பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார். "கடிக்கிறாடா!" என்று அவ்வளவு சந்தோஷம்.

பாப்பா தவழ ஆரம்பித்ததும் தறிக்குழியைச் சுற்றிப் பலகை வைத்து அடைத்தோம். அதற்குப் பிறகுதான் விஞ்ஞானியின் ஆராய்ச்சிகள் முழு வேகத்தில் தொடங்கின. ஒரு சோதனையை நம் ரெக்கார்டு நோட்டு முறைப்படி கீழே தருகிறேன்.

நோக்கம்: தார்க்குச்சியைத் தொட்டிலிலிருந்து கீழே போட்டால் என்ன ஆகும் என்று கண்டறிதல்.

தேவையானவை: தார்க்குச்சி 1, தொட்டில் 1, எடுத்துக் கொடுக்க மாமா 1.

செய்முறை: கீழே போடவும். எட்டிப் பார்க்கவும். மாமா எடுத்துக் கொடுத்ததும் மறுபடி போடவும்.

முடிவு: மாமா எத்தனை தடவை வேண்டுமானாலும் குனிவான்.

சிரிக்காதீர்கள். நாம் ஒரு சோதனைக்கு மூன்று ரீடிங் எடுக்கவே அலுத்துக்கொள்கிறோம். இரண்டு எடுத்துவிட்டு மூன்றாவதைக் குத்துமதிப்பாக எழுதுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். பாப்பா ஒரே உட்காரலில் முப்பது ரீடிங் எடுக்கிறாள். ஒரு தடவை மெதுவாக விடுகிறாள், ஒரு தடவை வீசுகிறாள், ஒரு தடவை இடது கையால் போடுகிறாள்.

இது வெறும் சேட்டை இல்லை என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். சுவிட்சர்லாந்தில் பியாஜே என்று ஒரு அறிஞர் இருந்தார். தன்னுடைய மூன்று பிள்ளைகளையே உட்கார்ந்து கவனித்து, அவர்கள் செய்ததையெல்லாம் எழுதி வைத்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தை ஒரே பொருளை விதம் விதமாகப் போட்டுப் பார்ப்பது, 'இப்படிச் செய்தால் என்ன, அப்படிச் செய்தால் என்ன' என்கிற ஆராய்ச்சிதான் என்கிறார். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு சுவிட்சர்லாந்து வரைக்கும் போவணுமா? நம்ம வீட்டுக்கு வந்திருந்தா ஒரே நாள்ல எழுதியிருப்பாரே" என்றார்.

ஒரு நாள் விஞ்ஞானி ஜரிகைத் தார் ஒன்றைப் பிடித்து, உருவி, கழுத்து கால் எல்லாம் சுற்றிக்கொண்டு அம்மன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜரிகை என்றால் லேசில்லை நண்பர்களே! பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசி, சூரத்திலிருந்து வருகிற பொருள். எனக்கு ஐந்து வயதில் இதே தப்புக்கு முதுகில் விழுந்த அறை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்பா வந்தார், பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் "அடடே, கல்யாணப் பொண்ணு!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் சிக்கெடுத்தார். என் முதுகு மட்டும் ரொம்ப வருத்தப்பட்டது.

சாயங்காலம் காலேஜ் விட்டு வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு கைலாசநாதர் கோயிலுக்கு நடப்பேன். எங்கள் பக்கத்துக் கோயில். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. பிராகாரத்தைச் சுற்றி 58 சின்னச் சின்ன சன்னதிகள். பாப்பா ஒவ்வொன்றிலும் தலையை நீட்டிப் பார்த்து "ஆ?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு விடுவாள். அங்கே சோமாஸ்கந்தர் சிற்பம் உண்டு. சிவன் ஒரு பக்கம், உமை ஒரு பக்கம், நடுவில் குட்டி முருகன். எத்தனையோ தடவை பார்த்த சிற்பம்தான். இவளைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்த அன்றைக்குத்தான், நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்ததும் சாமி வீடும் எங்கள் வீடு மாதிரி ஆகிவிடுகிறது என்று தோன்றியது.

இவ்வளவும் சிரிப்பு. இனி சொல்லப் போவது சிரிப்பு இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பாப்பா பலகையைப் பிடித்து எழுந்து நின்று, தறி மேலே வைத்திருந்த கரை நாடாவை எட்டி எடுத்துவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நக்கிப் பார்த்தாள். பிறகு அதைத் தரையில் வைத்துத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. நான் திருப்பித் தள்ளினேன். அவள் மறுபடி தள்ளினாள். அப்பா கைதட்டினார். வாசலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆயா, "பாருடி, கை எப்படி வருது! நெசவுக்காரி பொறந்துட்டா, அஞ்சு வயசானா தறியில உக்காந்துக்குவா" என்றது. எல்லோரும் சிரித்தோம்.

அம்மா உள்ளே வந்தாள். குடத்தை இறக்கிவிட்டு நேராக வந்து பாப்பா கையிலிருந்த நாடாவைப் பிடுங்கினாள். பாப்பா வீல் என்று கத்தினாள். அம்மா யாரிடமும் பேசவில்லை. அன்றைக்கு மத்தியானம் தறியிலும் பேசவில்லை.

ராத்திரி கரண்ட் போயிருந்தது. எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அக்காதான் கேட்டாள், "ஏம்மா, குழந்தை விளையாட்டுக்கு எடுத்ததுக்கா இவ்ளோ கோவம்?"

அம்மா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"எனக்கு எட்டு வயசு. மூணாவது படிச்சுட்டிருந்தேன். பெரியக்கா கல்யாணத்துக்கு எங்கப்பா ஒருத்தர்கிட்ட ரெண்டாயிரம் ரூபா முன்பணம் வாங்கினாரு. அதுக்கு என்னைக் கொண்டுபோய் அவங்க வீட்டுத் தறியில கோர்வைக்கு உக்கார வச்சாங்க. காலு குழியில எட்டாது. மொத நாள் அந்த நாடாவைப் பாத்ததும் எனக்கும் ஆசையாத்தான் இருந்துது. வழவழன்னு இருந்துது. ஒரு மணி நேரம் விளையாட்டு மாதிரிதான் இருந்துது. அப்புறம் ஏழு வருஷம்."

நாங்கள் யாரும் பேசவில்லை.

"மேல அட்டை ஓடுதே, அது இன்னா, எப்படிப் பூ வருதுன்னு ஒரு நாள் கேட்டேன். பேசாம போடுன்னாரு. அதோட கேக்கறதையே விட்டுட்டேன்."

அம்மா சொன்னது 1990களின் தொடக்கத்தில் நடந்தது. அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்துத் தறிகளில் அம்மா மாதிரி எத்தனையோ பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 1986லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலையை அது தடுக்கவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு 14 வயது ஆகாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது. பள்ளிக்கூட நேரம் போக வீட்டுத் தொழிலுக்கு உதவலாம் என்கிற விலக்கு இன்னும் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பிற்காலச் சட்டங்களுக்கு முன்னால் எட்டு வயதாக இருந்த ஒரு பிள்ளைதான் தினமும் எனக்குச் சோறு போடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னை ஒரு நாள் கூட அந்த இடத்தில் அம்மா உட்கார விட்டதில்லை. "போய்ப் படி" என்பாள். என் மேல் பாசம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அக்கா பத்தாவது பாஸ் பண்ணின வருஷம் அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாள். அக்கா உட்கார்ந்தாள். கல்யாணம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது கட்டின பணத்தில் அவள் போட்ட நாடாவும் இருக்கிறது.

"உன்னை உக்கார வச்சது நான்தான். அது எனக்கு ஆறல" என்றாள் அம்மா, அக்காவைப் பார்த்து. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிப் போன பாப்பாவை அம்மா மடியில் கிடத்தினாள்.

அப்பாதான் மெதுவாகச் சொன்னார். "தொழில் மேல தப்பு இல்லம்மா. சின்னப் பிள்ளைய உக்கார வச்சதுதான் தப்பு."

மறுநாள் காலையில் பாப்பா வழக்கம் போல எல்லாவற்றையும் காட்டி "ஆ? ஆ?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். "இது மிதி. இது பாவு. இது ராட்டை" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். பாப்பா விரலை மேலே நீட்டினாள். ஜக்கார்டு பெட்டி. அம்மா நின்றுவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, நீ மெக்கானிக்கல் தான படிக்கிற? அந்த அட்டையில ஓட்டை போட்டா எப்படிடா பூ வருது?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. பழைய டிசைன் அட்டை ஒன்றையும் நாலைந்து காலி ரீபில்லையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதனோடு சேர்ந்த கொக்கி தன் இடத்திலேயே நிற்கும், கத்தி மேலே வரும்போது கொக்கியும் இழையும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804ல் இதைக் கொண்டுவந்தார். இதே ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் பிற்பாடு பாபேஜ் கணக்குப் போடும் இயந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கை எண்ணியதும் ஓட்டை அட்டையால்தான். கம்ப்யூட்டருக்கு இது ஒரு பாட்டி மாதிரி என்றேன்.

அம்மா ரீபில்லை ஓட்டையில் விட்டுப் பார்த்தாள். ஓட்டை இல்லாத இடத்தில் முட்டிப் பார்த்தாள். மறுபடி விட்டாள். எத்தனை ரீடிங் எடுத்தாள் என்று நான் எண்ணவில்லை. "இத்தினி வருஷமா தலைக்கு மேலயே தட்டிட்டு இருந்துது, இவ்ளோதானா!" என்று சிரித்தாள். பாப்பா அந்த அட்டையைப் பிடுங்கிக் கண்ணுக்கு நேராக வைத்து ஓட்டை வழியாக அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அன்றைக்கும் தறி அரை மணி நேரம் லேட்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பாப்பா ஆரணிக்குப் போயிருப்பாள், அவள் அப்பா வீட்டுக்கு. அங்கேயும் தறி உண்டு. பையில் பால்புட்டி, சொக்காய், கிலுகிலுப்பையோடு அந்தப் பழைய அட்டையையும் அம்மா எடுத்து வைத்துவிட்டாள். அக்காவிடம் ஒன்றுதான் சொன்னாள். "அவ எது கேட்டாலும் பதில் சொல்லுடி. தெரியலன்னா தம்பிக்கு போன் போடு."

அதனால் நண்பர்களே, இந்த செமஸ்டரில் நான் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தாக வேண்டும்!

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்