சப்தம் வந்து சேரும் வழி

புரட்டாசி 28

நேரடி விதைப்பும் நடவு யந்திரமும் பெருகிவிட்ட இக்காலத்தில், கீழ்வேளூர்ப் பக்கம் பழைய நடவுப் பாட்டுக்களை இன்னும் மறவாதிருக்கும் ஒரு மூதாட்டியின் குரலை அவள் நா தளருமுன் பதிவு செய்துவிட வேண்டுமென்பது என் நெடுநாளைய விருப்பம். கடற்கரை உப்புக்காற்று என் மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளையை அரித்துவிட்டபடியால், பெருவிரலளவேயான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிவந்து செருகினேன். கணினியில் ஓடுவது டெபியன் லினக்ஸ். 2011-ல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இருந்த ‘பாஸ்’ இயங்குதளமும் இதை அடியொற்றி சி-டாக் நிறுவனத்தார் ஆக்கியதே. ஆதலால் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் அந்நிய வஸ்துவன்று.

யூ.எஸ்.பி. ஒலிச்சாதனங்களுக்கென்று பொதுவிதி ஒன்று உண்டு. அதை அறிந்த டிரைவர் லினக்ஸின் கெர்னலிலேயே, ஆல்ஸா என்னும் ஒலியமைப்பின் அங்கமாக இருப்பதால், நான் எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. ஆயினும் பதிந்ததைப் போட்டுக் கேட்டால் பூரண நிசப்தம்.

புரட்டாசி 29

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்கு வந்து சேராவிட்டால், எந்த மதகு அடைபட்டிருக்கிறதென்று மேலிருந்து கீழாகப் பார்த்து வருவது நம் பக்கத்து வழக்கம். அதையே இங்கும் கைக்கொண்டேன். ஒலி பதியும் ‘ஏரெக்கார்ட்’ கட்டளை தந்த பட்டியலில் கார்டு 1 என்று என் யூ.எஸ்.பி. கார்டு இருந்தது. அதை நேரே குறித்து ஸ்டீரியோவாகப் பதியச் சொன்னபோது மறுத்தது. இத்தகைய மலிவுக் கார்டுகள் பலவற்றில் ஒலி வெளிவரும் வழி ஸ்டீரியோவாயினும் உட்புகும் வழி மோனோவே. 16 பிட், 48000 ஹெர்ட்ஸ், ஒரே தடம் என்றதும் இணங்கிற்று. (அளவு எதுவும் சொல்லாவிட்டால் அக்கட்டளை 8 பிட், 8000 ஹெர்ட்ஸில் பதிந்து வைக்கும், பாட்டுக்கு அது உதவாது.) மறுப்பவனிடம் காரணம் கேட்கலாம், இணங்கிவிட்டு வெறும் கோப்பைக் கையில் கொடுப்பவனிடம் என்ன கேட்பது?

ஒலியளவுகளைத் திருத்தும் ஆல்ஸாமிக்ஸரில் எஃப்6-ஐ அழுத்திக் கார்டைத் தேர்ந்து, எஃப்4-ஆல் பதிவுப் பகுதிக்குப் போனால், ஒலிவாங்கியின் அளவு உச்சத்தில் நிற்க, ‘கேப்சர்’ மட்டும் அணைந்து கிடந்தது. ஸ்பேஸ் பட்டனைத் தட்டினேன். இரைச்சல் எழுந்தது, குரல் எழவில்லை. ஆராய்ந்ததில் குற்றம் மென்பொருளிலேயே இல்லை. ஒலிவாங்கியாக நான் செருகியிருந்த கைபேசி இயர்போனின் பின்னில் நான்கு உலோகப் பகுதிகள். கார்டின் துளையோ மூன்றுக்கானது. ஒலிவாங்கியின் கம்பி சென்று தொடும் இடத்தில் கார்டு வைத்திருப்பது எர்த். ஒலிவாங்கியையும் இயர்போனையும் பிரித்துத் தரும் சிறு இணைப்பான் ஒன்று அந்த வழக்கைத் தீர்த்தது.

ஐப்பசி 2

மூதாட்டி மாலையில் வந்தாள். அவள் ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில் மின்விசிறியின் ஓசை மெல்லப் பெருகி வந்து நிற்பதைக் கேட்டேன். குரல் தாழ்ந்தால் தானே அளவை உயர்த்தும் ‘ஆட்டோ கெயின் கன்ட்ரோல்’ செய்த உபகாரம் அது. பேச்சுக்கு அது நன்மையாகலாம். பாட்டில் மௌனத்துக்கும் ஓர் அளவுண்டு என்பதை அது அறியாது. ஆல்ஸாமிக்ஸரிலேயே அதை அணைத்தேன். அடியில் கேட்ட ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தினுடையது. சார்ஜரைப் பிடுங்கியதும் மறைந்தது. முன் சொன்ன 16 பிட், 48000 ஹெர்ட்ஸ், ஒரே தடத்தில் பதிந்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5.8 மெகாபைட், ஃப்ளாக் வடிவில் சுருக்கினால் குரல் ஒரு சிறிதும் கெடாமல் இடம் மிச்சமாகும்.

இத்தனைக்கும் பிறகு கிழவி சொன்னாள்: “குந்திக்கிட்டுப் பாடினா பாதிதான் வருது, சாரு. நாத்து கையில இருந்தா மீதியும் வரும்.”

ஆகவே அடுத்த பதிவு வயலில். பாட்டரி போதும், கடற்காற்றுக்குத்தான் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை ஒன்று தேட வேண்டும்.