பால்வாடி டீச்சர் சொன்னால்

மே மாதம் பாதி தாண்டியதும் டெல்லியில் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வாரமே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கும். சென்னையில் இறங்கி, ராத்திரி வண்டியில் திண்டுக்கல், அங்கிருந்து பழனி பஸ்ஸில் ஒட்டன்சத்திரம், பிறகு முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு ஒரு டவுன் பஸ். அப்பா புசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கிளார்க். அவருக்கு லீவு கிடைக்காது. அம்மாவும் நானும்தான் போவோம்.

ஊரில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பால்வாடி டீச்சர். அவள் கையால் சத்துமாவு உருண்டை வாங்கித் தின்னாத பிள்ளை ஊரில் கிடையாது. அந்தப் பிள்ளைகளே பெரியவர்களாகி, கல்யாணம் கட்டி, தங்கள் பிள்ளைகளை அவளிடம் கொண்டுவந்து விட்டார்கள். ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனாலும் அவளிடம்தான் வருவார்கள், புருஷன் குடித்துவிட்டு அடித்தாலும் அவளிடம்தான். அவள் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு.

2001 கோடையில் அவளுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருந்தது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ்கள் வருவார்கள். முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு ஆள் திரட்டித் தருவது அத்தையின் பாடு. பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடுவாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன்.

எந்த வீட்டிலும் எடுத்தவுடன் கேன்சர் என்று சொல்ல மாட்டாள். திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் ஆய்ந்துகொண்டிருக்கும் சின்ன வெங்காயத்தில் ஒரு கை அள்ளித் தானும் தோலுரிக்க ஆரம்பிப்பாள். மாட்டைப் பற்றி, மகள் பிரசவத்தைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றிப் பேச்சு ஓடும். மருமகளிடம் பேசுவதற்கு முன்னால் மாமியாரிடம்தான் பேசுவாள். அந்த வரிசை தப்பினால் காரியம் கெட்டது என்று அவளுக்குத் தெரியும்.

“எனக்கு ஒரு நோவும் இல்லியே டீச்சர்?”

“நோவு வந்த பொறவு நான் எதுக்கு? நல்லா இருக்கறப்பத்தான் பாத்துக்கணும்.”

“கர்ப்பப்பையை எடுத்துப்புடுவாங்கன்னு சொல்றாங்களே.”

“போன வாரம் நானே போயிட்டு வந்தேன். எனக்கு எடுத்தாங்களா?”

அந்தப் பயம் வெறும் வதந்தியால் வந்ததல்ல. எமர்ஜென்சி காலத்துக் கருத்தடை ஆபரேஷன் முகாம்களின் நினைவு ஊரில் மங்காமல் இருந்தது. நர்ஸ் வேனைக் கண்டாலே மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும் ஒரு கிழவியை எனக்குத் தெரியும். அத்தை அவளை அதட்டவில்லை. “நீ வர வேண்டாம் ஆத்தா, உனக்கு வயசு தாண்டிப்போச்சு. உன் மருமவளை மட்டும் அனுப்பு” என்றாள். கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது. மருமகளைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முகாம் நடந்தது தொடக்கப் பள்ளியில். ஜன்னல்களில் அத்தையின் புடவைகளை இழுத்துக் கட்டினார்கள். உள்ளே மேஜை, அதன் மேல் ரப்பர் ஷீட், ஒரு ஹாலஜன் விளக்கு. கரண்ட் போனால் எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பையன்கள் எட்டிப் பார்க்காமல் விரட்டுவது என் பொறுப்பு. அந்த அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் புளிப்பாக ஒரு நெடி வரும். கரோல்பாக் ஓட்டல்களில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்களே, வினிகரில் ஊறிய சிர்கா வெங்காயம், அதே நெடி. இந்த ஊரில் யார் பஞ்சாபிச் சாப்பாடு செய்கிறார்கள் என்று யோசித்தேன்.

உள்ளே இருந்ததும் ஏறக்குறைய அதுதான். 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். கோளாறான இடம் வெள்ளையாக மாறிக் காட்டிக்கொடுக்கும். அது புற்றுநோயாக முற்றப் பத்து வருஷத்துக்கும் மேல் பிடிக்கும் என்பதால், அதற்கு முன்பே உறையவைத்து அழித்துவிடலாம். அந்தச் சிகிச்சையையும் பயிற்சி பெற்ற நர்ஸ்களே செய்தார்கள். டாக்டர் வரவில்லையே என்று ஒரு பெண்ணும் குறைப்பட்டதாக நினைவில்லை. பொம்பளை நர்ஸ் என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

நான் காவல் காத்தது ஓர் உலகப் பிரசித்தமான ஆய்வுக்கு என்பது எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் சங்கரநாராயணனும் குழுவினரும் 2007இல் ‘லான்செட்’ இதழில் அதை வெளியிட்டார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகள். அவற்றில் 57க்குப் பரிசோதனை, மற்ற 57இல் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனைத் தொகுதிகளில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. மற்ற 57 தொகுதிகளை அப்படி விட்டது முறைதானா என்று பின்னாளில் விவாதம் எழுந்தது. எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பேர் ஏன் லிஸ்டில் இல்லை என்று கேட்ட ஒரு தாய்க்கு அத்தையால் பதில் சொல்ல முடியவில்லை.

வராத ஏறக்குறைய பதினெட்டாயிரம் பேரைக் கட்டுரை ஒரு கழித்தலில் கடந்துவிடும். அத்தையின் நோட்டில் அவர்கள் பேர்தான் சிவப்பு மையில் பெரிதாக இருக்கும். மேலத்தெருவில் ஒருத்தி, வெங்காய அறுப்புக்குப் போனால் அன்றைய கூலி, போகாவிட்டால் அதுவும் இல்லை. அத்தை போய் மேஸ்திரியிடம் பேசி அரை நாள் வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தந்தப் பகுதிப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். அத்தை சம்பளமில்லாமல் செய்த வேலைக்குக் கொஞ்சம் ஊக்கத்தொகையாவது வந்ததே.

அந்தக் கோடையில் இத்தனையும் பார்த்த அம்மா சும்மாதான் இருந்தாள். வெளியூர்க்காரி, அவள் பேர் லிஸ்டில் இல்லை. “டெல்லி போனதும் பாத்துக்க” என்று சொல்லித்தான் அத்தை வண்டியேற்றினாள். புசா ரோட்டில் எங்கள் வீட்டுக்கு நடை தூரத்திலேயே 1959இல் நேரு திறந்து வைத்த பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அம்மா அதைத் தாண்டித்தான் தினமும் காய்கறிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. போனில் அத்தை கேட்பாள்.

“போனியா?”

“போகணும் அண்ணி.”

பரீட்சை, பண்டிகை, குளிர் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டதும் அதுவும் ஒரு சாக்கானது. ஒரு ஞாயிறு அத்தை கேள்வியை மாற்றினாள். “அங்க நீ தினம் யார்கூடப் பேசுவே?” பள்ளிக்கூட ஆயாம்மாவோடு, என்றாள் அம்மா. விழுப்புரம் பக்கத்துக்காரி. அத்தை அடுத்த வாரம் அவளைப் போனுக்குக் கூட்டிவரச் சொன்னாள். முன்பின் பார்த்திராத இரண்டு பெண்கள், பில் ஏறுவதைப் பார்த்து அப்பா தவிக்கத் தவிக்க, கால் மணி நேரம் பேசினார்கள்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு ஆயாம்மா வாசலில் நின்றாள். “கிளம்பும்மா, லேட்டானா சீட்டு கெடைக்காது. டீச்சரம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.” ஆஸ்பத்திரி வரிசையில் இருவருமே நின்றார்கள், இருவருமே பரிசோதித்துக்கொண்டார்கள். ரிப்போர்ட்டில் கோளாறு ஒன்றுமில்லை. அம்மாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை ஆயாம்மா. தான் குடியிருந்த பகுதிப் பெண்களைக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். அவளுக்கு இந்தி எழுதப் படிக்க வராததால் சீட்டு எழுத அம்மாவும் கூடப் போனாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு தயிர்சாதம்தான்.