விறகுக் கணக்கு

"வீட்ல யாரு சிகரெட் பிடிப்பாங்க?"

2019-ல் மதுரையில் ஒரு நுரையீரல் டாக்டர் என் அம்மாவிடம் கேட்ட கேள்வி. அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் வெத்தலைகூடப் போட மாட்டார் சார்!"

"சரிம்மா... சமையல் எதுல?"

"விறகடுப்புலதான்."

"எத்தனை வருஷமா?"

1975-ல் கல்யாணம். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நாப்பத்து நாலு" என்றாள்.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "அப்ப நீங்கதாம்மா பிடிச்சிருக்கீங்க."

சி.ஓ.பி.டி. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்று போய்வரத் திணறும் வியாதி. கட்டுக்குள் வைக்கலாம், பழையபடி ஆக்க முடியாது. தினமும் இன்ஹேலர். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா வாய் திறக்கவில்லை.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கும் ஒரு பேரேடு வைத்திருப்பார். பால், மளிகை, ஸ்கூல் ஃபீஸ், முடிவெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, தனிப் பக்கம். நான் பி.காம். சேர்ந்ததே அந்தப் பேரேட்டைப் பார்த்து வளர்ந்ததால்தான். அதில் 'விறகு' என்றும் ஒரு பக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுக்கூலி என்று ஒரு வரி இருக்கும். மற்றபடி காலி. எங்கள் புஞ்சையில் வேலிக்கருவை தானாக முளைத்துக் கிடந்தது. அம்மா கேஸ் கேட்டபோதெல்லாம் அப்பாவின் பதில் ஒன்றுதான்: "சும்மா கிடைக்கிறதை விட்டுட்டுக் காசு குடுத்து வாங்கணுமா?"

2003-ல், வேலை கிடைத்த கையோடு, கேஸ் இணைப்பை நான் வாங்கிக் கொடுத்தேன். வாராவாரம் போனில் கேட்பேன்.

"கேஸ் இருக்காம்மா?"

"இருக்குப்பா."

ஒரு சிலிண்டர் எட்டு மாதம் வந்தது. எங்கம்மா சிக்கனம் யாருக்கும் வராது என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு பேர் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் சிலிண்டர் எட்டு மாதம் வருகிறதென்றால், மிச்சச் சமையல் எங்கே நடக்கிறது? பி.காம். மூளைக்கு அது உறைக்கவே இல்லை. காபிக்கும் திடீர் விருந்தாளிக்கும் மட்டும்தான் கேஸ். சோறு, குழம்பு, வென்னீர் எல்லாம் வழக்கம்போல உள்ளே, ஒரே ஜன்னல் வைத்த அந்தக் கரிபிடித்த அடுப்படியில்.

பிறகுதான் தேடித்தேடிப் படித்தேன். விறகுப் புகையில் இருக்கும் நுண்துகள் தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு, தொண்டை எல்லாவற்றையும் தாண்டி நேரே நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். விறகு, வறட்டி, கரி மாதிரி வீட்டில் எரிப்பவற்றின் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்கிறது. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான்.

சமையல் முழுக்க கேஸுக்கு மாறியது. ஆனால், சிலிண்டர் விலையைப் பார்த்த அப்பா, வென்னீருக்கு மட்டும் விறகுதான் என்று அடம்பிடித்தார். சரி, அடுப்பு வீட்டுக்குள் கூடாது, அம்மா பற்றவைக்கக் கூடாது என்று நான் இரண்டு கண்டிஷன் போட்டேன். கொல்லையில், நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகையின் கீழ் கொத்தனாரை வைத்துப் புது அடுப்பு கட்டினோம். கூரையைத் தாண்டி மூன்றடி உயரத்துக்குப் புகைக்கூண்டு. அம்மா தள்ளி, காற்று வரும் பக்கமாக நாற்காலி போட்டு டைரக்‌ஷன் மட்டும். எழுபதைத் தாண்டிய அப்பா புது மாணவர். 2020 ஊரடங்கில் ஊரிலேயே மாட்டிக்கொண்டதால், நானும் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாளே அப்பா பச்சை விறகை வைத்துத் திணறினார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

"புகையிறதெல்லாம் எரியாத விறகுங்க" என்றாள் அம்மா. எவ்வளவு சரியான பேச்சு! புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். தீயின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடும். பிளந்து, மழை படாமல் அடுக்கி, ஆறு மாதமாவது காய விட வேண்டும். இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்கணும்; 'தொப்' என்றால் ஈரம். வெட்டுமுகத்தில் வெடிப்பு தெரியணும். இது அம்மாவின் சோதனை.

அடுத்த நாள் அப்பா மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்தார். அம்மா நாற்காலியிலிருந்தே கத்தினாள். "கங்கு கிடக்கிற அடுப்புல ஊத்துனா தீ பாட்டிலுக்கே ஏறும்!" காய்ந்த பன்னாடையும் சுள்ளியும் போதும். பால் கவரைக் கொளுத்தக் கூடாது; அது விஷப்புகை. அரளிக் குச்சி கூடவே கூடாது. அடுப்பு வாயை அடைத்துத் திணித்தால் காற்று போகாது. இரண்டு மூன்று கட்டை போதும், எரிய எரிய உள்ளே தள்ளணும். நைலான் சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் வரக் கூடாது. தீப்பிடித்தால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு குடம் தண்ணீர். சாம்பலுக்குள் மறுநாள் வரை கங்கு உயிரோடு இருக்கும். இரும்புச் சட்டியில்தான் அள்ளணும், பிளாஸ்டிக் வாளியில் அல்ல.

நாற்பத்து நாலு வருஷமாக அவளுக்கு இத்தனையும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

அம்மாவை நான் மறித்தது ஒரே ஒரு முறை. மார்கழியில் என் மகளுக்குச் சளி என்று, சட்டியில் கங்கு அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தப் போனாள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி படித்திருக்கிறேன். சட்டியை வாங்கி வெளியே வைத்தேன். "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தவள், பேத்தியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்துப் போனபோது அடுப்பு மறுபடி புகைந்தது. புகைக்கூண்டுக்குள் விரல் தடிமனுக்குக் கரி. புதிதாகக் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தது என் தப்பு. 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோ, வேறு இரண்டு பேரோடு சேர்ந்து ஒடிசா கிராமங்களில் புகை குறைந்த அடுப்புகளை ஆராய்ந்திருக்கிறார். முதல் வருஷம் மக்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் மறைந்துபோனது. ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. கம்பியில் சாக்கைக் கட்டி நானே மேலே ஏறித் துடைத்தேன். இப்போது மாதம் ஒருமுறை அது அப்பாவின் டியூட்டி. அடுப்பில் விரிசல் கண்டால் களிமண் பூசுவதும் அவர்தான்.

போன பொங்கலுக்குப் போனபோது, அலமாரியில் அப்பாவின் பேரேடு இருந்தது. சும்மா புரட்டினேன். 'மருந்து' பக்கத்தில் அப்பாவின் பிரஷர் மாத்திரை, என் மகளுக்கு வாங்கிய இருமல் டானிக் எல்லாம் வரிசையாக இருந்தன. அம்மாவின் இன்ஹேலரைக் காணோம். அப்பாவா கணக்கில் விட்டார்? நம்ப முடியாமல் பின்னால் புரட்டினேன்.

'விறகு' பக்கம் நிரம்பியிருந்தது. 2019-லிருந்து, மாதாமாதம், அவருடைய மணிமணியான கையெழுத்தில்: இன்ஹேலர், இன்ஹேலர், டாக்டர் ஃபீஸ், மதுரை பஸ் சார்ஜ், இன்ஹேலர்...

கூட்டுத்தொகை போடாமல் விட்டிருந்தார்.